பல்லக்காவின் மாமனாரும் ஒரு துக்க ஆல்பமும்

துக்கத்தைப் பாட்டாகப் பாடுகிற ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டும், அவன் துக்கப்பட்டு ஒரு நாள்கூடப் பார்க்காதவள் பல்லக்கா.

பல்லக்கா என்பது லேப்பில் வைத்த பெயர். பல் செட் செய்கிற லேப். டாக்டர் அளவெடுத்து அனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகியதும் மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, மோட்டாரில் பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்குவது அவள் வேலை. முகத்தையே பார்க்காத மனிதர்களுக்குச் சிரிப்பு செய்து கொடுப்பவள். சின்ன வயதில் நர்ஸாக ஆசை. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்பதால் ரத்தமே இல்லாத வாய்களோடு பிழைப்பு அமைந்தது. யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் டைல்ஸ்காரனைப் பார்த்தபோதும் அதைத்தான் பார்த்தாள். நல்ல வரிசை, இடைவெளி இல்லை, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தன. பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்கலாம், மாப்பிள்ளை வாங்கக் கூடாது என்று அவளுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

டைல்ஸ்காரன் பாத்ரூம் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். கடையில் அவனைப் போல உற்சாகமான ஆளைப் பார்க்க முடியாது. "சார், தண்ணியக் கொட்டிட்டு நடங்க, வழுக்கவே வழுக்காது. மேடம், நீங்களும் வந்து நில்லுங்க" என்று குதிப்பான். விடுமுறை நாள் வந்தால் போதும், கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, உலகம் அழியப்போகிற செய்தி தனக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிட்டதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அவனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். பெயர் காரிருள். மின்சார அலுவலகத்துக்கு வைக்க வேண்டிய பெயர்.

வாசித்தது டூம் மெட்டல். தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், கிட்டார் கம்பிகளைத் தொங்கிப்போகும் அளவுக்குத் தளர்த்தி, ஸ்பீக்கரை அது கதறும் அளவுக்கு ஏற்றி, எவ்வளவு மெதுவாக வாசிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வாசிப்பது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே போய்க் கொடியில் காய்கிற துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். உலகத்தில் இந்த இசையை உயிரைக் கொடுத்து வாசிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். கேட்டால் நெஞ்சை அடைக்குமாம். இருக்கட்டும். காரிருளைக் கேட்டால் அடைத்தது காது மட்டும்தான். டிரம்ஸ் வாசித்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பகலெல்லாம் "மெதுவா, மெதுவா, பிரேக்க மிதி" என்று கத்திப் பழகியவர் என்பதால் அவருக்கு இது கைவந்த கலை. பேஸ் கிட்டார்காரன் அந்த மாஸ்டரிடமே வண்டி ஓட்டக் கற்று, லைசென்ஸ் டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்றவன். இங்கேயாவது ஒட்டிக்கொள்ளட்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் பல்லக்காவுக்குத் துணை என்று இருந்தது மாமனார் ஒருவர்தான். தபால் அலுவலகத்தில் கவுண்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. மகன் அறையைச் சாத்திக்கொண்டு கிட்டாரை உறுமவிடும்போது அவர் கூடத்தில் உட்கார்ந்து, "ஏம்மா, இவன் இந்தப் பாட்ட முடிக்கிறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன் போலிருக்கே" என்பார். மருமகள் சிரித்துச் சிரித்து அடுப்பில் வைத்ததைத் தீயவிடுவாள். மாமியார் போய்ச்சேர்ந்து வெகு காலம். நாத்தனார் தொலைவில் ஓர் ஊரில் குடியிருந்தாள். அதனால் மாமனாரும் மருமகளும் ஒரு கட்சி, டைல்ஸ்காரன் எதிர்க்கட்சி. அவன் கட்சிக்கு ஓட்டு விழுந்ததே இல்லை.

மாமாவுக்கு மேல்வரிசைப் பல் செட் செய்து கொடுத்ததும் அவள்தான். மெழுகில் நட்டு வாயில் வைத்துப் பார்த்தபோது அவர் கண்ணாடியைத் தள்ளி வைத்துவிட்டார்.

"என்ன மாமா, பிடிக்கலையா?"

"ரொம்ப நேரா இருக்கும்மா. என் முன்னம்பல்லு கோணல். அந்தக் கோணப்பல்லோடதான் அத்தன வருஷம் கவுண்டர்ல உக்காந்தேன். இது யாரோ வேற ஆளு மாதிரி இருக்கு."

டாக்டர் கேட்டால் திட்டுவார் என்று தெரிந்தும் முன்பல்லை ஒரு பக்கமாகத் திருப்பி நட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு அவர் தெருமுனை வரை போய், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் இளித்துவிட்டு வந்தார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. வாயும் ஒரு பக்கம் தொங்கிப்போனது. பல் செட் நழுவும், பேச்சு குழறும். பல்லக்கா அதை லேப்புக்கு எடுத்துப்போய் அடியில் புதுப் பூச்சுப் போட்டு, தேய்த்து, மறுபடி மாட்டிப் பார்ப்பாள். வாய் இளைக்க இளைக்க அவளும் பூசிக்கொண்டே இருந்தாள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஸ்பூனால் ஊட்டுவது, படுக்கைப்புண் வராமல் இருக்க வாங்கிப் போட்ட காற்று மெத்தையின் மோட்டார் நின்றுவிடாமல் பார்ப்பது, எல்லாம் அவள் தலையில். நாத்தனார் போனில், "அண்ணி, நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் நான் நிம்மதியா இருக்கேன்" என்பாள். அந்தத் தைரியம் ஒரு தடவைகூட பஸ் ஏறி வரவில்லை.

டைல்ஸ்காரன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? கதவு நிலைவரை வருவான். கண்ணை மூடிக்கொள்வான். "அப்பாவ இந்த நிலைமையில என்னால பாக்க முடியலடி" என்று சொல்லிவிட்டுப் போய் கிட்டாரை எடுத்துக்கொள்வான். பார்க்க முடியாதவர்களுக்கு உலகத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. பார்க்க வேண்டிய வேலையெல்லாம் தானாகவே வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

இதோடு குறட்டை வேறு. டைல்ஸ் அறுக்கிற மிஷின்கூட அவ்வளவு சத்தம் போடாது. ஆனால் ஒத்துக்கொள்ளவே மாட்டான். "நானா? குறட்டையா? அப்பா விடறதக் கேட்டுட்டு என் மேல பழியப் போடாத" என்பான். படுத்த படுக்கையாகக் கிடந்தும் மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. குழறிக் குழறிச் சொன்னார்: "போன்ல... புடிச்சு வைம்மா. போட்டுக் காட்டலாம்." அந்தப் பாதி வாயில் பாதிச் சிரிப்பு வந்தது. சரி மாமா, ஒரு நாள் பிடித்துவிடுகிறேன் என்று அவளும் வாக்குக் கொடுத்தாள்.

அந்த ஒரு நாள் வந்தது ஒரு மத்தியானத்தில். கிளினிக்கில் அவசரமாக ஒரு செட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. டைல்ஸ்காரன் வீட்டில் இருந்தான்.

"போய்ட்டு உடனே வந்திடறேன். மாமா பக்கத்துல கொஞ்சம் உக்காருங்க. தூங்கிடாதீங்க."

"என் அப்பாவப் பாத்துக்க எனக்குத் தெரியாதா?"

அவள் திரும்பி வந்தபோது அவன் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, குறட்டையில் ஊரையே இழுத்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு போனை அவன் மூக்குக்குக் கிட்டே நீட்டி நன்றாகப் பதிவு செய்தாள். போதும் என்று நிறுத்திவிட்டுத்தான் கட்டில் பக்கம் திரும்பினாள். "மாமா, மாட்டிக்கிட்டாரு பாருங்க" என்றாள்.

மாமா பார்க்கவில்லை. கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. அந்த அறையில் ஆள் இரண்டு பேர் இருந்தார்கள்; மூச்சு ஒன்றுதான் இருந்தது.

அங்கேயே அவள் கத்தியிருக்க வேண்டும். பெற்ற அப்பாவைப் போலப் பார்த்துக்கொண்ட மனிதர் போய்விட்டார். கத்துவதற்கு அவளைவிட உரிமை உள்ளவர் யார்? ஆனால் அவள் புருஷனைப் பார்த்தாள். வாய்ப்புண் வந்தால்கூட லீவு போட்டுவிட்டுச் சுருண்டு படுக்கிற மனிதன். தான் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே அப்பா செத்துப்போனார் என்று தெரிந்தால் தாங்குவானா? ஜென்மத்துக்கும் எழுந்திருக்க மாட்டான் என்று நினைத்தாள். அவன் தோளைத் தட்டினாள்.

"எழுந்திரிங்க. டீ வைக்கறேன். முகத்தக் கழுவிட்டு வாங்க."

கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொட்டாவி விட்டுக்கொண்டே போனான். அவள் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். பக்கத்து அறையில் மாமா அப்படியே கிடக்க, இவள் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாத்ரூமில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய், "ஓடி வாங்க, மாமாவுக்கு என்னமோ ஆகுது!" என்று குரல் கொடுத்தாள். முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஓடி வந்தான். "இப்பதான்... இப்பதான் போனாரு" என்றாள். அவன் அழுதான். பாதி அழுகை, பாதி சோப்பு.

அவள் போட்டது ஒரு விதை. அவன் அதில் தோப்பே வளர்த்துவிட்டான். வந்தவர்களிடம் முதலில், "கடைசி நேரத்துல நான் பக்கத்துல இருந்தேன்" என்றான். சில நாள் கழித்து, "என் கையப் பிடிச்சுக்கிட்டேதான்" என்றான். இன்னும் கொஞ்ச நாளில் அப்பாவின் தலை மகனின் மடிக்கு வந்துவிட்டது. பல்லக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சொல்லிச் சொல்லியாவது ஆள் தேறட்டும் என்று விட்டுவிட்டாள்.

போனில் பிடித்ததெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தானாகப் போய்ச் சேரும்படி முன்பு எப்போதோ செய்து வைத்திருந்தார்கள். ஒரு விடுமுறை நாளில் டைல்ஸ்காரன் எதையோ தேடிக்கொண்டிருந்தவன், அப்பா போன தேதியில் ஒரு பதிவைக் கண்டுபிடித்தான். கரகரவென்று ஒரு மூச்சு. அதன் பின்னால் காற்று மெத்தை மோட்டாரின் இரைச்சல். அப்பாவின் அறை, அப்பாவின் கடைசி நாள். வேறென்ன வேண்டும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து நின்றான்.

"அப்பாவோட கடைசி மூச்ச நீ பிடிச்சு வச்சிருக்க. என்கிட்ட சொல்லவே இல்ல."

"அது... அது வந்து..."

"நான் தாங்கமாட்டேன்னுதானே?"

தாங்கமாட்டான் என்றுதான். ஆனால் வேறு கணக்கில். அவள் வாயைத் திறந்து, அவன் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டாள். கேள்வி கேட்டுப் பதில் வருவதற்குள் நெகிழ்ந்துபோய் நடந்துவிட்டான் அந்தப் புண்ணியவான். அன்றைக்கு ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் ஆல்பமும் இல்லை, படமும் இல்லை.

எதையும் மெதுவாக்கினால் அது துக்கமாகிவிடும் என்பது காரிருள்காரர்கள் கண்டுபிடித்திருந்த ஒரே வித்தை. அந்த மூச்சையும் இழுத்து இழுத்து மெதுவாக்கினார்கள். மெதுவாக்கியபோது அது மனிதன் மூச்சாகவே இல்லை. ஏதோ பாதாளத்தில் கல் உருள்வதைப் போல இருந்தது. அதை எல்லாப் பாட்டுக்கும் அடியில் போட்டு, மெத்தைக் கடைக்குப் பின்னால் இருந்த ஒரு வாடகை அறையில் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். பெயர் 'கடைசி மூச்சு'. அவரவர் அப்பாவுக்குப் படம் மாட்டி வைப்பார்கள். இவன் தன் குறட்டையை மாட்டி வைத்துவிட்டான்.

கேட்டவர்களில் யாரோ ஒருவர் அழுதாராம். அந்த யாரோ ஒருவருக்குத் தெரிந்த ஒரு டைரக்டர், ஆல்பம் உருவான கதையை ஆவணப்படமாக எடுக்கிறேன் என்று வந்து சேர்ந்தார். கழுத்தில் எந்த வெயிலிலும் கழற்றாத ஒரு துணி. வாய்க்கு வாய் "உண்மை". "எனக்கு நடிப்பு வேண்டாம், உண்மை போதும்" என்பார். ஆல்பம்தான் ஏற்கெனவே பதிவாகிவிட்டதே, உருவாவதை எப்படிப் பிடிப்பது? மெத்தைக் கடைக்குப் பின்னால் எல்லாரையும் மறுபடி கூட்டிப்போய், முதல் தடவை வாசிப்பதுபோல வாசிக்கச் சொன்னார். "இப்ப அந்த மூச்ச நீங்க முதல் தடவையா கேக்கறீங்க" என்று டைல்ஸ்காரனிடம் சொல்லி, அவன் முதல் தடவையாகக் கேட்பதைப் பல தடவை எடுத்தார். டிரம்ஸ் மாஸ்டரை டிரைவிங் ஸ்கூல் காருக்குள் உட்காரவைத்து, மழை வேண்டும் என்று தோட்டத்துக் குழாயால் கண்ணாடி மேல் தண்ணீர் அடித்தார்கள். மாஸ்டர் வைப்பரை நிறுத்திவிட்டு, "கேமராவுக்கும் லைசென்ஸ் டெஸ்ட் வச்சாத்தான் சரிப்படும்" என்றார். படத்தில் மொத்தமாக உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான், அதை வெட்டிவிட்டார்கள்.

பிறகு படப்பிடிப்பு வீட்டுக்கு வந்தது. மாமாவின் அறையில்தான் முக்கியமான காட்சி. பல்லக்கா சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டைல்ஸ்காரன் தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவன் பாட்டு மாதிரியே இடம் விட்டுப் பேசினான்.

"அப்பாவ குளிப்பாட்டறது... ஊட்டறது... எல்லாம் நான்தான். அவர் பல் செட்ட... தினமும் கழட்டிக் கழுவி... மாட்டி விடுவேன். என் பாட்டக் கேட்டுக்கிட்டேதான்... கண்ண மூடினாரு."

பல்லக்காவின் கையில் இருந்த டம்ளர் நழுவிச் சிங்க்கில் விழுந்தது. "சத்தம், சத்தம்" என்று உள்ளே இருந்து அதட்டல் வந்தது.

டைரக்டருக்கு அந்தப் பல் செட் மனதில் ஒட்டிக்கொண்டது. சமையலறைக்கே வந்துவிட்டார். "மேடம், அந்தப் பல் செட் இருக்கா? சார் கையில வச்சுக்கிட்டு ஒரு க்ளோஸ்-அப் எடுத்தா பிரமாதமா இருக்கும்."

"அது மாமாவோடயே போயிடுச்சு சார்."

"நீங்க அந்த வேலைதானே பாக்கறீங்க? ஒண்ணு செஞ்சு தர முடியுமா? பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

உண்மைக்கு நேர்ந்துவிட்ட மனிதர் கேட்ட கேள்வியைப் பாருங்கள். பல்லக்கா சரி என்றாள். மாமாவின் அச்சு லேப் அலமாரியில் பத்திரமாக இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. யாரோ ஓர் அம்மாவுக்குச் செய்து, அளவு சேராமல் திரும்பி வந்த செட் ஒன்று கிடந்தது. சின்ன வாய், சின்னச் சின்னப் பல், முத்துக் கோத்த மாதிரி நேரான வரிசை. அதை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் பார்த்ததும், இது அப்பாவோடது இல்லையே, அப்பாவுக்குக் கோணப்பல்லாச்சே என்று கேட்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அப்படிக் கேட்டுவிட்டால் மடி, கை, பாட்டு எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். இதற்கிடையில் நாத்தனாரும் போன் செய்திருந்தாள். "அண்ணி, படத்துல அண்ணனப் பத்தி நல்லபடியா ரெண்டு வார்த்த சொல்லுங்க. அப்பா பேரு நிலைக்கும்ல."

மறுநாள் ஜன்னலோர வெளிச்சத்தில் டைல்ஸ்காரன் அந்தச் செட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான். கேமரா கிட்டே போனது. அவன் அதையே உற்றுப் பார்த்தான். பல்லக்கா கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கண்ணில் நீர் கட்டி, வழிந்து, தாடியில் இறங்கியது.

"அப்பாவோட சிரிப்பு" என்றான்.

முன்பின் தெரியாத அம்மாளின் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மகன் அப்பாவுக்காக அழுததை உலகம் எங்கே பார்த்திருக்கும்? டைரக்டர் மெய்மறந்து நின்றார். பல்லக்காவுக்கு வந்தது அழுகை இல்லை. கோபம்கூட இல்லை. சாக்கடையில் கால் வைத்துவிட்டதுபோன்ற அருவருப்பு.

அடுத்தது அவள் முறை. மாமாவின் கட்டிலில் அவளை உட்காரவைத்தார்கள். எதிரே நாற்காலியில் டைல்ஸ்காரன். அவள் காதில் ஹெட்போனை மாட்டினார்கள். கிட்டார் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மூச்சை மட்டும், மெதுவாக்காமல், பதிவு செய்தபடியே ஓடவிட்டார்கள். ஏறும்போது ஓர் இழுவை, இறங்கும்போது ஒரு விசில். பக்கத்தில் படுத்து ஆண்டாண்டாக அவள் பட்ட வதை.

"அவசரமே இல்ல மேடம்" என்றார் டைரக்டர். "இது யாரோட மூச்சு? உங்க வார்த்தையில சொல்லுங்க. எனக்கு உண்மை மட்டும் போதும்."

"இவரோடது."

"அப்பாவோடதுன்னு முழுசா சொன்னீங்கன்னா..."

"மாமாவோடது இல்ல சார். இவரோடது. இது குறட்டை."

டைல்ஸ்காரன் சிரித்தான். "ஏய், என்ன விளையாட்டு இது?"

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். கிளினிக்குக்குப் போனது, திரும்பி வந்தது, போனை நீட்டிப் பிடித்தது, மாமாவின் கை சில்லிட்டிருந்தது, பால் வைத்தது, குழாய்ச் சத்தத்துக்குக் காத்திருந்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நீ... இப்பதான்னு சொன்னியே?" என்றான் அவன். குரலில் இப்போது இடைவெளி இல்லை.

"சொன்னேன். நீ தாங்கமாட்டேன்னுதான் அப்படிச் சொன்னேன்."

என்னங்க, வாங்க, போங்க என்றே பேசிப் பழகிய வாயில் 'நீ' வந்து விழுந்ததை அவள் கவனிக்கவில்லை, அவனும்தான். அவன் குனிந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். இத்தனை காலம் எதற்குப் பயந்தாளோ அது வந்துவிட்டது. எவ்வளவு அருவருப்பு இருந்தாலும் கட்டின புருஷன். எழுந்து போய்த் தோளைத் தொடலாமா என்றுகூட அரை மனதாக நகர்ந்தாள்.

அவன் முகத்தைத் தூக்கினான். கடைக்கு வந்தவர் இருப்பதிலேயே விலை கூடிய டைல்ஸைக் காட்டச் சொன்னால் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம் வந்திருந்தது.

"அப்பா சாகறாரு. மகன் பக்கத்துலயே தூங்கறான்" என்றான் மெதுவாக. "இது அந்தத் தூக்கத்தோட சத்தம். சார்... இது அதவிடப் பெருசு சார்."

"ரொம்பப் பெருசு" என்றார் டைரக்டர். "குற்ற உணர்ச்சி. ஆல்பம் மொத்தமும் இப்ப வேற மாதிரி கேக்கும்."

"பேர மாத்தணும். 'மகனின் உறக்கம்'."

"அப்படியே இருங்க, கண்ணத் துடைக்காதீங்க. கேமராவ சார் பக்கம் திருப்புங்க. மேடம், 'இது குறட்டை'ன்னு நீங்க சொன்ன இடத்த மட்டும் அப்புறமா ஒரு தடவ மறுபடி எடுத்துக்கலாம், வெளிச்சம் சரியில்ல."

கேமரா திரும்பியது. டைல்ஸ்காரன் புதுத் துக்கத்தை உடுத்திக்கொண்டு, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவன்போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

பல்லக்கா கட்டிலிலேயே இருந்தாள். இவன் உடைந்துபோவான் என்றா பயந்தாள்? உடைவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டாமா? இவனுக்காகவா அன்றைக்கு அடுப்படியில் நின்றாள்? போன உயிரைப் போகவில்லை என்று மறைத்து, குழாய் திறக்கிற வரைக்கும் மாமாவைத் தனியாகக் காக்க வைத்தது இவன் ஒருத்தனுக்காகவா? ஒரு துளிக் கண்ணீர் அவருக்கென்று அந்த நேரத்தில் விழவில்லை. அவர் போனதும், அழ வேண்டியவள் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்ததும் பெரிய சத்தத்தோடு கேவல் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

நீளக் கம்பியில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் அவள் பக்கம் குனிந்தான்.

"மேடம், சாரோட பேச்சுல உங்க சத்தம் கலக்குது. கொஞ்சம் வெளியில போயி..."

அவள் எழுந்தாள். அந்தக் கம்பியைப் பிடித்து அவன் நெஞ்சோடு சேர்த்துத் தள்ளினாள்.

"நீ வெளிய போ."

"மேடம்..."

"நீங்களும் போங்க சார். உங்க உண்மையத் தூக்கிட்டுப் போங்க." பிறகு நாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள். "நீயும்தான். எந்திரி. இது மாமா ரூம்."

கேமராவும் விளக்கும் காலில் சிக்கிய ஒயர்களுமாக ஒவ்வொருவராகக் கூடத்துக்கு நகர்ந்தார்கள். டைல்ஸ்காரன் கடைசியாக, கண்ணீரைத் துடைக்காமல் அப்படியே காப்பாற்றிக்கொண்டு போனான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெறும் கட்டில் விளிம்பில் தலையை வைத்து, மாமா, மாமா என்று வாய்விட்டு அழுதாள். அன்றைக்கே அழுதிருக்க வேண்டிய அழுகை அது. ஊருக்கே கேட்கும்படி, மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதாள். வெளியே நின்றவர்கள் கதவிடுக்கில் மைக்கை வைத்தார்களோ என்னவோ, அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.